கடைசி வரிக்கு முன்னால்

தேசிய கீதத்தை நான் கெடுக்கப்போகிறேன் என்று முதலில் சொன்னவன் என் சொந்த அண்ணன். விளையாட்டு அரங்கத்தில் அவன்தான் ஒலி ஆபரேட்டர். வழக்கமாக ஆட்டத்துக்கு முன்னால் பேண்டு வாத்தியக் குழுவின் பழைய பதிவைப் போட்டு முடித்துவிடுவார்கள். இந்த இறுதி ஆட்டத்துக்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்று போட்டிக் குழு ஆசைப்பட்டது. மைதானத்தின் நடுவில் நின்று பாட என்னைக் கூப்பிட்டார்கள். நான் வேகத்தைப் பாதியாக்கி, துணைக்கு ஒரே ஒரு கிட்டார் வைத்துக்கொண்டேன்.

"இது கீதமா, தாலாட்டா? நிமிர்ந்து நிக்கிறவன் கொட்டாவி விடுவான்" என்றான் அண்ணன்.

"மிரட்டுற மாதிரி பாடினாத்தான் நாட்டுப்பற்றா?"

"உன் இஷ்டத்துக்கு இழுக்க அது உன் சொத்து இல்ல."

"உன் சொத்தும் இல்ல."

தொலைக்காட்சியில் கீதம் வந்தால்கூட எழுந்து நிற்கிற ரகம் எங்கள் அம்மா. "எப்படியோ பாடித் தொலைங்க, சீக்கிரம் முடிங்க. எனக்கு முட்டி வலி" என்றாள்.

அரங்க மேலாளருக்கும் என் பாட்டு பிடிக்கவில்லை. பழைய பதிவு தயாராக இருக்க வேண்டும், நான் தடுமாறினால் அண்ணன் உடனே என் மைக்கின் சத்தத்தை இறக்கிவிட்டு அதை ஒலிக்கவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். ஒத்திகை விஷயத்தில் மனுஷன் படு கறார். ஒத்திகையை முழுதாகக் கேட்காத ஆபரேட்டர் ஒருவரைப் போன வருடம் வீட்டுக்கே அனுப்பியவர்.

அன்று காலை ஒத்திகையில் மூன்றாவது வரி வரைதான் அண்ணன் பொறுத்தான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "சத்தம் எல்லாம் சரியா இருக்கு, நான் டீ குடிக்கப் போறேன்" என்றான். முடிவையும் கேட்டுட்டுப் போ என்று மைக்கிலேயே சொன்னேன். காலி அரங்கம் முழுக்க அது எதிரொலித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. போனால் போ என்று நானும் விட்டுவிட்டேன்.

விஷயமே அந்த முடிவில்தான் இருந்தது. கடைசி வரிக்கு முன்னால் நான் நிறுத்துவேன், கிட்டாரும் நிற்கும். மிச்சத்தைக் கூட்டமே பாட வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு மெதுவாகப் பாடி வந்தேன்.

மாலையில் மைதானத்துக்குள் இறங்கினேன். தூரத்து ஒலிபெருக்கிகளிலிருந்து சொந்தக் குரலே தாமதமாக வந்து குழப்பும் என்பதால் வலது காதில் மட்டும் இயர்போன் செருகியிருந்தார்கள். அது உறுத்தியது. முதல் வரியில் யாரோ விசிலடித்தார்கள். "சீக்கிரம்மா!" என்று ஒருவர் கத்தினார். இரண்டாவது வரியில் சலசலப்பு குறைந்தது. மூன்றாவது வரியில் எனக்கே என் குரல் பிடித்துவிட்டது. கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினேன்.

அரங்கமே அமைதியானது. அப்போது இடது பக்கக் கூட்டத்திலிருந்து சுருதி சேராத ஒரு கரகரத்த குரல் கடைசி வரியைத் தொடங்கியது. இன்னொரு குரல் சேர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

டமால் என்று காதில் பேண்டு வாத்தியத்தின் பழைய பதிவு இடித்தது. கூட்டம் குஷியாகி முதல் வரியிலிருந்து அதோடு சேர்ந்து பாடி முடித்தது. கைதட்டல் அடங்கவே வெகுநேரம் ஆனது.

படியேறி ஒலி அறைக்குள் போனேன், அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் கோபத்தோடு. என்னைப் பார்த்ததும் அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"பயந்தே போயிட்டேன் பாப்பா. மறந்து நிக்கிறியேன்னு..."

"மறக்கலண்ணா. நிறுத்தினேன். அங்க ஜனங்க பாடணும். அதுதான் பாட்டு."

அவன் முகம் செத்துவிட்டது. அதற்குள் மேலாளர் வந்து அவன் முதுகில் தட்டினார். "நல்லவேளை, மானத்தைக் காப்பாத்தினீங்க" என்றவர், சற்று யோசித்தார். "ஆனா அங்க நிறுத்தணும்னுதான் ஏற்பாடுன்னு கிட்டார்காரர் சொல்றாரே. ஒத்திகையை முழுசா கேட்டீங்கல்ல?"

அண்ணன் கையிலிருந்த ஹெட்போனின் ஒயரைச் சுற்றத் தொடங்கினான். வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை.

"கேட்டாரு சார். நான்தான் பதற்றத்துல வரியை மறந்துட்டேன்" என்றேன்.

"அதான் அப்பவே சொன்னேன், இந்தப் புதுசெல்லாம் சரிப்படாதுன்னு. இனிமே எப்பவும் பதிவுதான்." அவர் எதிரே இருந்த தன் அறைக்குப் போய்விட்டார்.

"அந்த ரெண்டு பேரு பாடினது உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"கேட்டுச்சு. அதனாலதான் அவசரப்பட்டேன். உன்னைக் கேலி பண்றாங்கன்னு நினைச்சேன்."

என் கோபம் இறங்கிவிட்டது. அவன் ஹெட்போனை மேசைமேல் வைத்தான். பிறகு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மேலாளர் அறைக்கு நடந்தான். கதவைத் தட்டும் முன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம்ணா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பான்.

நான் சொல்லவில்லை.