மூண்டாம் பூட்டு

ஓம், பூட்டை உடைச்சது நான்தான். மியூரியல் எண்டு முழுப்பேரையும் வடிவா எழுதிக்கொள்ளச் சொல்லி அந்த எஞ்சினியர் பொடியனிட்டையே சொன்னனான். ஒளிக்கிறதுக்கு நான் என்ன தேங்காய் களவெடுத்தனானோ?

எங்கடை ஊரிலை ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலை ஒரு அணை இருக்கு, அதிலை இரும்புக் கதவுகள். மழைத்தண்ணி எல்லாம் ஓடிவந்து ஏரியிலை நிக்கும். கதவை இறக்கி வைச்சால் அது நிலத்துக்குள்ளை ஊறி, எங்கடை பக்கத்து இருபத்தாறு வீட்டுக் கிணறும் ஆவணி வரைக்கும் நல்ல தண்ணி தரும். ஏத்திவிட்டால் மேல்பக்கத்து வயலுகள் வெள்ளத்திலையிருந்து தப்பும். ஏத்தினபடி விட்டால் கடல் உள்ளுக்கை வந்திடும். ஒருக்கா உப்பேறின கிணறு கெதியிலை திரும்பாது. மலையும் இல்லை, வத்தாத ஆறும் இல்லை, வானம் தாறதுதான் எங்களுக்கு.

இதுக்காக வயல்காரரும் நாங்களும் வருசா வருசம் சண்டை. அவையின்ரை சங்கத் தலைவர் நடராசா அண்ணை. எங்கடை மாதர் சங்கத்துக்கு நான். போன வருசம் யாழ்ப்பாணத்து நீர்ப்பாசனக் கந்தோரிலையிருந்து வந்து ஒரு தீர்ப்புச் சொல்லிச்சினம். கதவு சுத்துற சக்கரத்துக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ரெண்டு ஆமைப்பூட்டு. ஒரு திறப்பு அவரிட்டை, மற்றது என்னட்டை. ரெண்டுபேரும் வந்தால்தான் ஏத்தலாம், இறக்கலாம். சமநீதியாம். நிண்டு படமும் எடுத்துக்கொண்டு போச்சினம்.

இந்த மார்கழி மழையிலை வயலெல்லாம் தண்ணிக்குள்ளை. நடராசா அண்ணை வந்து கேட்டார். பாவம் எண்டு திறப்போடை போய்க் கதவை ஏத்தி, சக்கரத்தைத் திரும்பவும் பூட்டினம்.

"அண்ணை, மூண்டு நாள்தான். பறுவம் வருது, முழுநிலவுக்குக் கடல் ஏறும். அதுக்கு முதல் இறக்கிப்போடவேணும்" எண்டன்.

"ஓம் தங்கச்சி, எனக்குத் தெரியாதே" எண்டார்.

மூண்டாம் நாள் போனால், "இன்னும் ஒரு நாள் விடு, வரம்பே தெரியேல்லை" எண்டார். நாலாம் நாள், பறுவத்துக்கு முதல் நாள், விடியப் போனால் ஆள் இல்லை. மனிசி ஞானாம்பிகை சொல்லுறா, கந்தோரிலை தண்ணிப் பங்கீட்டுக் கூட்டமாம், யாழ்ப்பாணம் போட்டாராம். திறப்பு? சேட்டுப் பொக்கற்றுக்கை போட்டுக்கொண்டு போட்டாராம். பாருங்கோவன் விசர் வேலையை!

அணைக்கு ஓடினன். கடல் உள்ளுக்கை வரத் தொடங்கீட்டுது. கரையிலை குடியிருக்கிற லூர்த்தம்மா கிணத்தடியிலை நிண்டு என்னைப் பார்த்துக் குழறுறா. நடராசா அண்ணைக்குப் பதினொரு தரம் போன் அடிச்சன், நிப்பாட்டி வைச்சிருக்கு. கந்தோருக்கு அடிச்சன். "ஐயா கூட்டத்திலை. தண்ணி விசயமோ? அதுக்குத்தான் கூட்டம் நடக்குது" எண்டாள் ஒருத்தி. கர்த்தரே, எனக்கு வந்த கோவம்!

வீட்டை போய்க் கிடங்கு கிண்டுற அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தன். என்ரை பூட்டைத் திறப்பாலை திறந்தன். அவரின்ரை பூட்டுக்கு நாலு இடி. லூர்த்தம்மாவும் நானும் சக்கரத்தைச் சுத்தின சுத்திலை கையெல்லாம் கொப்பளிச்சுப் போச்சு. கதவு இறங்கேக்கை மத்தியானம். இருபத்தைஞ்சு கிணறு தப்பிச்சுது. லூர்த்தம்மாவின்ரை கிணறு தப்பேல்லை. அந்தத் தண்ணியை வாயிலை வைக்கேலாது, அதிலை போட்ட பருப்பும் அவியாது. இப்ப மனிசி குடத்தோடை என்ரை வீட்டுக்கு வந்து போகுது.

கிட்டத்தட்ட நாலு கிழமை கழிஞ்சு ஒரு திங்கள் கந்தோர் வாகனம் வந்தது. இறங்கினது ஜெயதீபன் எண்ட எஞ்சினியர் பொடியன். வயலிலை திரும்பவும் வெள்ளம், கதவை ஏத்தி வைச்சு வெள்ளிக்கிழமை விடிய இறக்கவேணும் எண்டு மேலிடத்து உத்தரவு கொண்டு வந்தவன். வெள்ளி பறுவம். போன முறை கடல் ஒரு நாள் முந்தித்தான் வந்தது, எண்டாலும் விடிய இறக்கினால் போதும் எண்டு வயலுக்காக நானும் சம்மதிச்சனான். கதவை ஏத்தின கையோடை விசாரணையைத் தொடங்கினான்.

"அன்ரி, நீங்கள் செய்தது அரச சொத்துக்குச் சேதம். முறைப்பாடு வந்திருக்கு."

"ஆர் குடுத்தது?"

நடராசா அண்ணை நிலத்தைப் பார்க்கிறார்.

எனக்குக் கோவத்திலை அழுகையே வந்திட்டுது. "அண்ணை, இன்னும் ஒரு நாள் கடல் வந்திருந்தால் உங்கடை நெல்லும் கருகியிருக்கும். அதையும் சேர்த்துத்தானே நான் காப்பாத்தினனான்?"

"பூட்டை உடைச்சது பிழைதானே தங்கச்சி" எண்டு முணுமுணுத்தார்.

பூட்டாம்! லூர்த்தம்மாவின்ரை கிணத்துக்கு ஆர் முறைப்பாடு எழுதினது?

பொடியன் நடராசா அண்ணையின்ரை உடைஞ்ச பூட்டுக்குப் பதில் ஒண்டு குடுத்துப்போட்டு, பையுக்கையிருந்து இன்னுமொரு புதுப்பூட்டு எடுத்தான். "இனிப் பிரச்சினை வராது அன்ரி. இது மூண்டாவது. திறப்பு கந்தோரிலை இருக்கும். எங்கடை ஆள் கொண்டு வந்து திறப்பார்."

"எந்த நாளும் வருவாரோ?"

"வேலை நாளிலை. எட்டரையிலையிருந்து நாலேகால் மட்டும்."

"அப்ப வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை வேலை..." எண்டவன் நிப்பாட்டினான். போனை எடுத்துத் தட்டிப் பார்த்தான். பறுவம் எண்டால் போயா. மாதம் தவறாமல் நாடு முழுக்க லீவு. கடல் கூட ஏறுற நாளிலை கந்தோருக்குக் கதவே திறக்காது.

"கடலுக்கும் ஒரு கடிதம் போடுங்கோ தம்பி, போயாவிலை வராதை, திங்கள் வா எண்டு!"

அவன்ரை முகம் கறுத்துப் போச்சு. நடராசா அண்ணையும் இப்பத்தான் தலையை நிமித்தினார். "தம்பி, வியாழனே இறக்கிவிடுங்கோவன்" எண்டார்.

"உத்தரவிலை வெள்ளி எண்டுதான் இருக்கு ஐயா. என்னாலை மாத்தேலாது."

"சரி, அப்ப உந்தப் பூட்டைப் போடாதை" எண்டு சங்கிலியைப் பிடிச்சன். விரல் விரலாக் கழட்டினான், மரியாதையாத்தான். "குறை நினையாதையுங்கோ அன்ரி" எண்டு சொல்லிச் சொல்லி, எல்லாம் தெரிஞ்சுகொண்டே, ஏத்தின கதவைப் பூட்டிப்போட்டுத் திறப்போடை போய் வாகனத்திலை ஏறினான்.