ஞாயிற்றுக்கிழமைப் பூஜ்யம்

நாற்பதாவது தலைமுறையிலும் அதே பூஜ்யம் வந்து நின்றபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

1987இல் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அன்றாட மழை அளவைத் தட்டினால் மண்சரிவு அபாயம் உண்டா என்று சொல்லும். உண்டென்றால் சங்கு ஊதி, ஓடைக்கரை லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்களை மேட்டுக்கு ஏற்றவேண்டும். புரோகிராம் எழுதியவர் அலெக்சாண்டர். அதில் ஓட்டை தேடுவதற்காகவே கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். கம்ப்யூட்டரிலேயே நூறு பொய் மழைகளை உண்டாக்குவேன். புரோகிராமைத் தடுமாறவைப்பவை பிழைக்கும், மற்றவை சாகும். பிழைத்தவற்றை ஜோடி சேர்த்தால் அடுத்த தலைமுறை. கடைசியில் மிஞ்சியதெல்லாம் ஒரே ஜாடை: சில நாள் அடைமழை, ஒரு பூஜ்யம், மறுநாள் பேய்மழை. பூஜ்யத்தைக் கண்டதும் புரோகிராம் முந்தைய மழையையெல்லாம் மறந்துவிடும். மறுநாள் எவ்வளவு கொட்டினாலும், ஒருநாள் மழைதானே என்று சும்மா இருந்துவிடும்.

"ஐப்பசி அடமழைக்கு நடுவுல பொட்டு விழாத நாளா? இந்த மலையில எங்க மேரி பாத்த?" என்று அலெக்சாண்டர் சிரித்தார்.

எனக்கும் சரியென்றே பட்டது. அப்படிப்பட்ட மழைகள் பிறக்கவே கூடாதென்று இரண்டு வரி சேர்த்தேன். பிறகு எல்லாவற்றிலும் புரோகிராம் தேறியது. அதில் பெருமை வேறு.

ஐப்பசியில் ஒரு திங்கள்கிழமை காலை, தினமும் எண்களைத் தட்டும் கிளார்க் வரவில்லை. மழைமானி பார்க்கும் இருதயசாமி நனைந்த நோட்டை என்னிடமே நீட்டினார். வியாழன், வெள்ளி, சனி எல்லாம் பெரிய எண்கள். ஞாயிறு பூஜ்யம். திங்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது.

"நேத்தும் கொட்டுச்சேண்ணே?"

"ஞாயித்துக்கெழம வெள்ளனே பூசைக்குப் போயிருவேன்ல டீச்சர். ரெண்டு நாத் தண்ணியையும் சேத்து திங்கக்கெழமையில எழுதிருவேன். எப்பவும் அப்படித்தான்."

ஆயிரக்கணக்கில் பொய் மழை பெற்றவள், அந்த நோட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எண்களைத் தட்டினேன். அபாயம் இல்லை என்றது திரை.

"சங்க ஊதுங்கண்ணே, வெரசா!"

"இல்லன்னுல்ல போட்டுருக்கு?" அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வெளியே ஓடினேன். நான்கு நாளாக இரைந்த ஓடையின் சத்தம் இல்லை. மேலே மண் சரிந்து அடைத்துக்கொண்டால்தான் ஓடை அப்படி அடங்கும். அடைப்பு உடைந்தால் லயம் இருக்காது. சரிவின் விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். லயத்துக் கந்தம்மாள் நிமிர்ந்து பார்த்து, கையை ஆட்டினாள்.

"தண்ணி நின்னுருச்சு டீச்சர்!" என்று சந்தோஷமாகக் கூவினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெள்ளம் இழுத்துப்போன குடத்தை எடுக்க, வெறும் பாறையாகக் கிடந்த ஓடைக்குள் இறங்கினாள்.