விடுமுறை வெந்நீர்

ஐந்து லிட்டர் கேனைத் தன் மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, "இது யாருக்கும்மா?" என்று கேட்டார் கல்லூரி முதல்வர். வாசலில் காவலாளி பிடித்துக் கொடுத்தது. கேனில் இன்னும் சூடு இருந்தது. அடியில் மேசைக் கண்ணாடி வேர்த்தது.

அவள் பக்கத்தில் நின்ற விடுதி மேற்பார்வையாளனைப் பார்த்தாள். இறந்துபோன கணவனின் தம்பி. இந்தத் துப்புரவு வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். உறவு என்று இங்கே மூச்சுவிடக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை.

நானூறு மாணவிகளும் விடுமுறைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. குளிக்க ஆளில்லை என்று வெயில் சும்மா இருக்குமா? விடுதியின் மொட்டைமாடியில் வரிசையாகப் படுத்திருந்த சோலார் கண்ணாடிக் குழாய்கள் பாட்டுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருந்தன. விட்டால் தொட்டி தாங்காது என்று, தினமும் மதியம் வால்வைத் திறந்து கொதிக்கக் கொதிக்கச் சாக்கடையில் விட வேண்டும். விடுவது அவள்தான். அதில் ஒரு கேன் பிடித்துச் சாக்கில் சுற்றி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு எடுத்துப்போவாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்கு முதுகெல்லாம் புண். துடைத்துவிட வெந்நீர் வேண்டும். வீட்டு சிலிண்டர் சமையலுக்கே இழுபறி.

அந்த மாமியார்தான் இவனைப் பெற்றவள்.

"சாக்கடைக்குப் போனாலும் அது காலேஜ் சொத்து. இன்னைக்குத் தண்ணி, நாளைக்குக் குழாயையே கழட்டிட்டுப் போவ." முதல்வர் அவனிடம் திரும்பினார். "எதுக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லிவிடுவான் என்று நினைத்தாள்.

"தெரியாது சார். இந்தம்மா எங்கயாவது வித்துடுது போல."

"வெந்நீரை எவன்யா வாங்குவான்?" முதல்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். அவளுக்கு எழுத வராது. 'திருடியதை ஒப்புக்கொள்கிறேன்' என்று அவனே முத்து முத்தாக எழுதி, அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினான்.

வராந்தாவில் பின்னாலேயே வந்தான். "அண்ணி, மனசுல வச்சுக்காதீங்க. வாயத் திறந்திருந்தா ரெண்டு பேர் பொழப்பும் போயிருக்கும். அம்மா எப்படி இருக்காங்க?"

"வந்து பாரு."

"வரணும். எங்க, நேரமே இல்ல."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். "வந்துட்டியாம்மா? முதுகு எரியுது" என்றாள் கிழவி. அவள் அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள். கிழவியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியைப் பிழியாமல் அப்படியே முதுகில் போட்டாள்.

கிழவி துள்ளிவிட்டாள். "ஐயோ! என்னடி இது, ஜில்லுன்னு?"

"இனிமே வெந்நீர் கிடையாது. உங்க பிள்ளையத்தான் கேக்கணும்."

"அவன்கிட்ட எதுவும் கேட்டுடாத." பல் தந்தியடிக்கச் சொன்னாள் கிழவி. "மனசு தாங்க மாட்டான்."

அவள் மறுபடி துணியை முக்கினாள். புண்களைச் சுற்றியிருந்த சுருங்கிய தோலில் ரோமங்கள் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து நின்றன.