பதினோராம் தேதிப் பூ

எங்கள் அப்பா வால்டருக்குக் கல்லின் மேல் இருந்த பிரியம் பெற்ற பெண்கள் மேல் இருந்ததில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். கோபம்தான், ஆனால் உண்மையும் அதுதான். ஹெட்மாஸ்டர் வேலையிலிருந்து ரிடையர் ஆன கையோடு, சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலில் லூர்து மாதாவுக்குக் கெபி கட்டினார். குகை மாதிரி கல்லடுக்கி, உள்ளே மாதா சுரூபம். பல்லாவரத்திலிருந்து மூன்று வண்டி கல் வந்தது. கெபியைச் சுற்றிச் சரிவாகக் கல்லைப் பரப்பி, இடுக்கெல்லாம் மணலும் சரளையும் நிரப்பி, 'ராக் கார்டன்' என்றார். லூர்து மலைப்பக்கத்து ஊராம், பனி உருகும்போது அங்கே கல்லிடுக்கில் பூ பூக்குமாம், நம் மாதாவுக்கும் அதே பூதான் வேண்டுமாம். மாதா வந்து கேட்டாளா என்ன?

நாற்பத்தெட்டில் ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன ஒரு துரை, அப்பாவிடம் ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பன்னிரண்டு கிழங்கு. பார்த்தால் சின்ன வெங்காயம். க்ரோக்கஸ் என்று பெயர். மூன்று மாதம் குளிரில் கிடந்தால்தான் பூக்கும் என்று அப்பாவின் புத்தகத்தில் போட்டிருந்தது. சாந்தோமில் குளிருக்கு எங்கே போவது? டப்பா அலமாரியில் ஏறியது.

அதே வருஷம் அக்டோபரில்தான் என் தங்கை ஜோனைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் வெரோனிகா, மூத்தவள், முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள். ஜோனுக்கு இருபத்தாறு, பள்ளிக்கூட டீச்சர். பையன் ஸ்தனிஸ்லாஸ், பட்டினப்பாக்கத்துக்காரன், ஐஸ் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷமாக இவர்களுக்குள் பழக்கம். அவன் அம்மா மர்சலின் மீன் விற்கிறவள். புதுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் எடுத்து வந்திருந்தாள்.

"வாத்தியாரய்யா, எம்புள்ளைக்குக் குடி கெடியாது, சீட்டு கெடியாது. உங்க பொண்ணுன்னா உசுரா கீறான். இன்னா சொல்றீங்க?"

அப்பா நேராக முடியாது என்று சொல்கிற ரகம் இல்லை. எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தார், ரயில்வே கிளார்க். அப்பா அவரை உட்காரவைத்து இங்கிலீஷில் டிக்டேஷன் கொடுத்தார். மூன்று தப்பு. சிவப்பு மையில் சுழித்துக் கையில் கொடுத்து அனுப்பினார். அந்த மனிதர் குனிந்த தலையோடு கேட்டைத் தாண்டியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதினைந்து வருஷம் ஆயிற்று.

இவர்களுக்கு அவர் வைத்த பரீட்சை வேறு. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து ஜோன் கையில் வைத்தார்.

"பிப்ரவரி பதினொண்ணு லூர்து மாதா திருநாள். அன்னிக்குப் பூசை முடிஞ்சு நான் வீட்டுக்கு வரும்போது, இந்தக் கல்லுக்கு நடுவுல ஒரே ஒரு பூ நிக்கணும். நின்னா மாதாவுக்குச் சம்மதம்னு நானே சாமியார்கிட்ட போய்க் கல்யாண ஓலை குடுக்கறேன். நிக்கலைன்னா மாதாவுக்கு இஷ்டமில்லை. அதுக்கப்புறம் இந்தப் பேச்சு இந்த வீட்டுல வரக்கூடாது. சரியா?"

பைத்தியக்காரி, ஜோன் நேரே கெபிக்குப் போய் மாதாவின் காலைத் தொட்டு, "சரி" என்று நேர்ந்துகொண்டாள். எங்கள் ஜனங்களில் நேர்ச்சை சொன்னால் சொன்னதுதான். சாமியாரே வந்து விடு என்றாலும் விடமாட்டோம்.

அன்றிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் தினமும் விடியற்காலையில் சைக்கிளில் ஐஸ் கட்டி கொண்டுவந்தான். கோணியில் மரத்தூளோடு சுற்றிய கட்டி. கேட்டுக்கு இந்தப் பக்கம் அவன் வரக்கூடாது, அது அப்பாவின் உத்தரவு. ஜோன் வாங்கிவந்து, தகடு அடித்த பெட்டியில் கிழங்குத் தொட்டிகளைச் சுற்றி அடுக்குவாள். விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசியும். அந்தக் கையோடு பள்ளிக்கூடம் போய் போர்டில் எழுதுவாள். கிழங்கு ஒவ்வொன்றாக அழுகியது. அழுகியதை அப்பா தடியால் கிளறிப் பார்த்து, "மூணு போச்சு", "ஆறு போச்சு" என்று உரக்க எண்ணுவார்.

ஜனவரி கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதில் முளை வந்திருந்தது. கெபிக்கு வடக்கே, நிழலான கல்லிடுக்கில் அதை நட்டாள். பத்தாம் தேதி மாலை வெள்ளையாக ஒரு மொட்டு, விரல்நுனி அளவுக்கு. ஜோன் என் தோளில் சாய்ந்து அழுதாள். "அக்கா, நாளைக்கு விரிஞ்சுடும் அக்கா." தவக்காலம் ஆரம்பித்தால் கல்யாணம் செய்ய முடியாது. அதற்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்.

மறுநாள் எல்லோரும் பூசைக்குப் போனார்கள். திருநாள் சமையலுக்காக நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். வெயில் கல்லில் பட்டிருந்தது. பூ விரிந்திருந்தது. ஐயோ, எப்படிச் சொல்வேன்! வெள்ளை இதழ், உள்ளே ஊதாக் கோடு. அவ்வளவு அழகான ஒன்று அந்த வீட்டில் முளைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் எந்தச் செடியிலும் முதல் பூ மாதாவுக்கு. அம்மா இருந்த நாளிலிருந்து அப்படித்தான். மல்லியோ, செம்பருத்தியோ, கண்ணில் பட்டதும் கை தானாகப் போகும். போயிற்று. பறித்து மாதாவின் காலடியில் வைத்து, சிலுவை போட்டு, 'அருள்நிறைந்த மரியே' பாதி சொல்லும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. திரும்ப ஒட்டவைக்கவா முடியும்? கேட் திறந்தது.

முன்னால் அப்பா. பின்னால் ஜோன், ஸ்தனிஸ்லாஸ், வெற்றிலைத் தட்டோடு மர்சலின். அன்றைக்குத்தான் அவர்களை உள்ளே விட்டார், தோற்பதைப் பார்க்கட்டும் என்று.

அப்பா இடுக்கைப் பார்த்தார். இலை மட்டும் நின்றது. அப்புறம் மாதாவின் காலடியைப் பார்த்தார்.

"பூத்துதுப்பா!" ஜோன் கத்தினாள். "அதோ பாருங்க, பூத்துது!"

"செடியில இல்லையே," என்றார் அப்பா நிதானமாக. ஸ்தனிஸ்லாஸ் பக்கம் திரும்பினார். "ஐஸ்ல வெச்சா மீன் மட்டுமில்லை, பூவும் கெடாது. மொட்டு விரியாதுன்னு இதை எந்த மலையிலேர்ந்து வரவழைச்சே? மாதாகிட்டயே ஃபோர்ஜரியா?"

"சார், சத்தியமா நான் இல்ல சார்."

"வெரோனிகா வீட்டுலதானே இருந்தா. அவ சொல்லட்டும். இந்தப் பூ இங்கே பூத்ததை நீ பார்த்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். 'ஆமாம், நான்தான் பறித்தேன்' என்றால் முடிந்தது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜோன் முகத்தைப் பார்த்தேன். அதில் அப்போதே சந்தோஷம் வந்துவிட்டது. அக்கா சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை. இவள் போய்விடுவாள். நான் இந்த மனிதரோடு, இந்தக் கல்லோடு, இவர் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டு, தனியாக. என் மாப்பிள்ளைக்கு மூன்று தப்புக்கு மன்னிப்பில்லை, இவளுக்கு மட்டும் மாதா வந்து பூக்கவைப்பாளா? எரிந்தது. அப்படி எரிந்தது எனக்கு.

"நான் பார்க்கலைப்பா," என்றேன்.

மர்சலின் தட்டைக் கீழே வைக்கவில்லை. "எம்புள்ளய மாதா முன்னால திருடன்னு சொல்லிட்டீங்க. இத்தோட போதும். வா நைனா." மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவன் ஜோனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஜோன் அவனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் அடுப்படிக்கு வந்தாள்.

"நீதானே பறிச்சே?"

"பழக்கதோஷம் ஜோன். தெரியாம..."

"பறிச்சதைக் கேக்கலை. பறிச்சதுக்கு யாரும் உன்னை அடிச்சிருக்கமாட்டாங்க." குரல் உயரவே இல்லை. "நான் நேர்ந்துகிட்டேன். இனிமே எங்கேயும் போகமாட்டேன். உன்கூடத்தான் இருப்பேன்."

இருக்கிறாள். மழைக்காலம் வந்துவிட்டது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மாணவிகளோடு பேசுகிறாள், பால்காரனோடு பேசுகிறாள், அப்பாவோடுகூடச் சிரித்துப் பேசுகிறாள். என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"அக்காவுக்கு மோர் வேணுமான்னு கேளுங்கப்பா."

அப்பாவுக்கு ஒரே குஷி. அவர் கேட்டார். வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.