இரண்டாவது வளைவு வரை டர்போ

பூபாலனின் காருக்கு டர்போ மாட்டும் யோசனை யாருடையது என்று கேட்டால் அவனே கையைத் தூக்கிவிடுவான். புத்தியுள்ளவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு மத்தியானத்தில் அவன் தனியாக உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அவிநாசிக்குப் பக்கத்தில் நான்கு நிட்டிங் மெசின் போட்ட ஒரு சின்ன ஷெட்டுக்கு அவன்தான் முதலாளி. மெசின் நின்றால் ரிப்பேர் பார்க்கும் பிட்டரும் அவன்தான். ஆள் வராத நாளில் கூட்டிப் பெருக்குவதும் அவன்தான். மூன்று பதவியையும் ஒரே ஆள் வைத்திருந்ததில், உலகத்தில் தனக்குப் பிடிபடாத இயந்திரமே இல்லை என்ற நினைப்பு அவன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த நினைப்பில் மண் விழுந்தது நான்கு வருசத்துக்கு முன்னால். தங்கை அமராவதியின் மூத்த பையனுக்குச் சிவன்மலையில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அமராவதிக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த ஒரே அண்ணன் தன்னுடைய எண்ணூறு சிசி காரில் ஆறு பேரையும் சீர்த்தட்டுகளையும் ஒரு வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் வண்டி கொதித்து நின்றது. மற்றவர்கள் இறங்கி நடந்தார்கள். பூபாலனுக்கு மட்டும் வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசில்லை. ஆறட்டும், ஆறட்டும் என்று பக்கத்திலேயே நின்றான். வண்டி ஆறுவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டது. அவன் மேலே போய்ச் சேர்ந்தபோது பையன் யாரோ ஒரு பங்காளி மடியில் உட்கார்ந்து, காதுகளில் சந்தனத்தோடு தேம்பிக்கொண்டிருந்தான்.

அமராவதி சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "சாப்புட்டுட்டுப் போங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். அன்று தின்ற சோறு பூபாலனுக்கு இன்னும் செரிக்கவில்லை.

இப்போது அவளுடைய பெண் மகிழினிக்குக் காதுகுத்து. அதே மலை, அதே தாய்மாமன், அதே கார். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். இந்தத் தடவையும் மடி தவறினால் அப்புறம் தங்கை வீட்டு வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"ஏனுங்க, வாடகைக்கு ஒரு வண்டி பேசிக்கலாமுங்க. இல்லீனா நேரத்துல போயிப் படியேறிக்கலாம்" என்றாள் அவன் மனைவி சித்ரகலா. இரண்டும் நல்ல யோசனை. அதனாலேயே பூபாலன் காதில் இரண்டும் ஏறவில்லை.

போனில் ஒரு வெள்ளைக்காரன் சின்னக் காருக்கு டர்போ மாட்டும் வீடியோவைப் பதினோரு தடவை பார்த்தான். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் ஒரு குட்டி டர்போவைப் பிடித்துக்கொண்டு வந்தான். லேத் பட்டறை முருகேஷிடம் அதை மாட்டத் தகடும் குழாயும் செய்து தரச் சொன்னான். முருகேஷ் டர்போவைப் பார்த்தான், காரைப் பார்த்தான், கடைசியாகப் பூபாலனைப் பார்த்தான். "அண்ணா, இந்த இஞ்சினுக்கு இது நெம்ப சாஸ்திங்க" என்றான். செய்தும் கொடுத்தான்.

சித்ரகலாவுக்குப் பூபாலன் பாடம் எடுத்தான். "வெளிய போற பொகை இருக்குதல்லொ, அது ஒரு பேனைச் சுத்தும். அந்த பேன் இன்னொரு பேனைச் சுத்தும். அது காத்தை இஞ்சினுக்குள்ள திணிக்கும். அத்தனையும் ஓசிப் பலம் புள்ள!"

"வெளிய போற காத்துலயே வேலை நடக்குமுன்னா, உங்க பேச்சுக்கே ஒண்ணு மாட்டியிருக்கலாமுங்க" என்றாள் அவள்.

வண்டியைப் பிரித்து வேலை பார்க்க ஷெட்டின் மூலையைத் தவிர வேறு நிழல் இல்லை. நிட்டிங் ஷெட்டில் பஞ்சு பறக்காத நேரம் கிடையாது. திறந்து வைத்த டீ டம்ளரில்கூடப் பஞ்சு மிதக்கும். எந்தக் குழாயைக் கழற்றினாலும் அதன் வாயில் ஒரு பனியன் துணியைத் திணித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. இருபது வருசத்துப் பிட்டர் பழக்கம், கை தானாகச் செய்யும். டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயிலும் ஒரு துணியை நான்கு விரல் ஆழத்துக்கு அழுத்தி வைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ரப்பர் குழாயை மாட்டப் போகும்போது மூன்றாம் மெசினில் நூல் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. ஓடிப் போய் நூலைக் கோர்த்துவிட்டு வந்தான். வந்த வேகத்தில் குழாயை மாட்டிக் கிளிப்பை முறுக்கினான். சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பியது. உள்ளேயிருந்து 'உய்ய்' என்று ஒரு விசில்.

"கேட்டியா, டர்போ பாடுது!" என்றான். நான்கு மெசினையும் நிறுத்திச் சித்ரகலாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான்.

"ஆருக்கோ மூச்சு முட்டற மாதிரி இருக்குதுங்க" என்றாள் அவள். பாட்டுக் கேட்கும் காது எல்லோருக்கும் வாய்த்துவிடாது என்று பூபாலன் அவளை மன்னித்தான்.

அமராவதியிடம் அவன் மூச்சு விடவில்லை. மேலே கோயில் வாசலில் போய் இறங்கும்போது தெரியட்டும் என்று இருந்தான். ஞாயிறு ஏழரைக்குப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, பின் சீட்டில் ஏழு சீர்த்தட்டையும் அடுக்கி, சித்ரகலாவோடு கிளம்பினான்.

திருப்பூரைத் தாண்டும் வரை தாங்கியது. காங்கயம் ரோட்டில் ஏறியதும் வண்டி நாற்பதுக்கு மேல் போக மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் விசில்தான் கூடியது. டவுன் பஸ் முந்தியது. பருத்திக்கொட்டை மூட்டை ஏற்றிய டெம்போ முந்தியது. பின்னால் இரண்டு கோழிகளைத் தொங்கவிட்ட ஒரு டிவிஎஸ் முந்தியது. ஓட்டிய பெரியவர் போகிற போக்கில் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

"புது டர்போ. சித்தெ சூடாகோணும்" என்றான் பூபாலன்.

"எனக்குச் சூடாயிருச்சுங்க" என்றாள் சித்ரகலா.

போன் அடித்தது. அமராவதி. "எடுக்காத! எடுத்தீனா நீ டர்போவப் பத்தி ஒளறீருவ" என்று அவன் தடுத்தான். போன் மறுபடி அடித்தது. அப்புறம் மூன்றாவது தடவையும் அடித்து நின்றது.

மலையடிவாரத்துக்கு வந்தபோது ஒன்பதேகால். அங்கே பார்த்த காட்சி பூபாலனின் வயிற்றில் பாலை வார்த்தது. தங்கை வீட்டு மாப்பிள்ளை மோகன்ராஜின் பெரிய கார், அவருடைய அண்ணன் கார், சோமனூர்ச் சொந்தக்காரர்களின் வேன், அத்தனையும் கீழேயே புளியமரத்தடியில் வரிசையாக நின்றன. ஒருத்தன்கூட மேலே ஏற்றவில்லை! "பாத்தியா? அத்தன பெரிய வண்டியே ஏறப் பயந்து நிக்குது" என்று மீசையைத் தடவிக்கொண்டு முதல் கியரைப் போட்டான்.

முதல் வளைவில் விசில் ஒப்பாரியாக மாறியது. இரண்டாவது வளைவில் பின்னால் கறுகறுவென்று புகை கிளம்பியது. வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. நான்கு வருசத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். அன்றைக்கு அவன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லைக்கூட யாரும் எடுக்கவில்லை. அதையே மறுபடி எடுத்து முட்டுக்கொடுத்தான்.

பானெட்டைத் திறந்தான். டர்போவைத் தட்டினான். சாவியைத் திருப்பினால் இருமியது, நின்றது. "ஒரு பத்து நிமிசம் ஆறட்டும்" என்று அவன் வாய் தானாகச் சொல்லியது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இதே வார்த்தை, இதே இடம். அன்றைக்கு அவன் ஆற வைத்துக்கொண்டு நின்றபோது மேலே ஒரு பிள்ளை வேறொருவர் மடியில் ஏறிவிட்டது. மணி ஒன்பதே முக்கால்.

சித்ரகலா நிமிர்ந்து மலையுச்சியைப் பார்த்தாள்.

"இந்தக் கெரகம் கெடக்குது. வா புள்ள, வெசையா நடப்பம்!" என்றான் பூபாலன்.

ஏழு தட்டை இரண்டு பேர் எப்படித் தூக்குவது? டிக்கியில் எப்போதும் கிடக்கும் பனியன் துணியை உதறி விரித்தான். பட்டுப் பாவாடை, தேங்காய், பழம், வெற்றிலை, இனிப்பு என்று எல்லாவற்றையும் அதில் கொட்டி மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டான். தங்கத் தோட்டை மட்டும் சித்ரகலா முந்தானையில் முடிந்துகொண்டாள். மலைப்பாதையில் அவன் ஓட்டமும் நடையுமாக ஏறினான். நெஞ்சு அடித்துக்கொண்டது. இஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கப் பதினோரு வீடியோ பார்த்தவன், தன் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று போனால் போதும் என்று மலைமேல் இருக்கும் முருகனைக் கூப்பிட்டான்.

கோயில் வாசலில் போய் நின்றபோது பத்தேகால். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டி, தலையில் துணி மூட்டையோடு வந்தவனைப் பார்த்து, வேஸ்ட் துணி எடுக்க வந்த ஆள் என்று சொந்தத்தில் ஒரு பெரியவர் வழிவிட்டு ஒதுங்கினார். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அன்றைக்கு மடி கொடுத்த அதே பங்காளி இன்றைக்கும் தயாராக வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அண்ணா வந்துட்டாங்க!" என்று கத்தினாள் அமராவதி. கத்திய குரல் பாதியில் உடைந்தது.

பூபாலன் மூட்டையை இறக்கிவிட்டுச் சம்மணம் போட்டான். மகிழினியைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மூன்று வயசுப் பிள்ளை, மாமனின் வேர்வை நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தது. ஊசி ஏறியதும் வீல் என்று அலறி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பூபாலனும் அழுதான். மூச்சு வாங்குவதால் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். நான்கு வருசத்துச் சோறு அந்த நிமிசத்தில் செரித்தது.

பிறகு பாராட்டு மழை. "தங்கச்சி வேண்டுதலுக்காக மச்சான் சீரைத் தலையிலயே சொமந்து நடந்து வந்துருக்காரு பாருங்க!" என்று மோகன்ராஜ் எல்லோரிடமும் சொன்னார். என்ன வேண்டுதல் என்று பூபாலனுக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டான். சித்ரகலா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் படி வழியாக இறங்கக் கிளம்பியபோது பூபாலன் நைசாக ரோட்டுப் பக்கம் நழுவினான். "நானும் வாறேனுங்ணா" என்று மகிழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு அமராவதி கூடவே வந்தாள். சித்ரகலாவும் சேர்ந்துகொண்டாள். இரண்டாவது வளைவில் பானெட்டைத் திறந்தபடி நின்ற காரைப் பார்த்ததும் அமராவதி நின்றுவிட்டாள்.

"கார்லயா வந்தீங்கண்ணா?"

வேறு வழியில்லை. டர்போ முதல் டிவிஎஸ் கோழி வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அவள் பிள்ளையைச் சித்ரகலாவிடம் கொடுத்துவிட்டு ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தாள்.

"வேண்டுதலெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாரும் கார்ல மேல போயி, உங்க கார் மட்டும் நடுவால நின்னுபோனா நல்லாவா இருக்கும்? அதான் ஆரும் வண்டியில மேல வரக்கூடாது, வேண்டுதல்னு ஒரு பொய்யச் சொன்னேன். மாமியாளைக்கூட முட்டி வலியோட படியேற வெச்சுட்டேன். உங்களுக்குச் சொல்லறக்குத்தான் காத்தால இருந்து போன் மேல போன் பண்ணுனேன்."

பூபாலனுக்கு அவமானமாகவும் இருந்தது, இத்தனை அன்பா என்று சந்தோசமாகவும் இருந்தது. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். கையில் இருந்த காசை வைத்துக் கிளிப்பைத் தளர்த்தி ரப்பர் குழாயைக் கழற்றினான். உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. முழுசாக ஒரு முழம் பனியன் துணி. அவன் மெசினில் ஓடிய துணி, அவன் கையால் திணித்தது.

"நல்ல காத்தோட்டமான துணின்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லித்தான விக்கறீங்க" என்றாள் சித்ரகலா. "மலை வரைக்கும் வண்டி ஓடுனதே அதனாலதானுங்க."

முதலில் சிரித்தது அமராவதிதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் பூபாலனும் சிரித்தான். காது வலியில் சிணுங்கிக்கொண்டிருந்த மகிழினி, எதற்கென்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரித்தது.

குழாயை மாட்டிச் சாவியைத் திருப்பினான். முட்டுக்கல்லை எடுத்து, வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பி, ஒரு மிதி மிதித்ததும் அது ஒரு முழம் துள்ளியது. விசில் இல்லை, புகை இல்லை; கழுத்தைப் பிடித்து யாரோ முன்னால் தள்ளியது போன்ற இழுப்பு. டர்போ அருமையாக வேலை செய்தது. ஆனால் வண்டி இப்போது கீழே பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"எறக்கத்துக்கு டர்போ எதுக்குங்ணா?" என்று சொல்லிக்கொண்டே அமராவதி பிள்ளையோடு பின் சீட்டில் ஏறினாள்.

புளியமரத்தடியில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேர்க்க விறுவிறுக்க நின்றார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த பூபாலனின் காரைப் பார்த்ததும் மோகன்ராஜுக்கு வாய் பிளந்தது. "மச்சான், உங்க வண்டி மேல வரைக்கும் ஏறுச்சுங்களா?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு வருசமாகத் தன்னிடம் யாராவது கேட்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்ட கேள்வி. பூபாலன் கண்ணாடியில் பார்த்தான். பின் சீட்டில் மகிழினி அந்தப் பனியன் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தது. காதில் புதுத் தோடு மின்னியது.

"இல்லீங்க மாப்ள" என்றான். "வண்டி ரெண்டாவது வளைவுலயே நின்னு போச்சுங்க. நாந்தான் மேல வரைக்கும் ஏறுனேன்."