களத்து ஓரத்தில் கழற்றிய செருப்பு

மிராசுதாரின் வைக்கோல் போர் எரிந்த மறுநாளே இன்ஸ்பெக்டர் வழக்கை முடித்துவிட்டார். சென்னையிலிருந்து தடயவியல் அதிகாரி ரெத்தினம் வந்தது, முடித்த வழக்கில் கையெழுத்துப் போடத்தான்.

"டயர் செருப்பு சார். இடது குதிகால்ல ஒட்டு. இந்த ஜோடிய மருதையன் குடிசைக்குப் பின்னாடி எடுத்தோம். விவசாயக் கூலிச் சங்கத்துக் கொடி புடிச்சு அலையிறவன். வேற என்ன வேணும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாய்க்கால் கரையின் ஈர மண்ணில் பதிந்திருந்த தடத்தில் ரெத்தினம் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்து எடுத்தார். ஒட்டில் அடித்த மூன்று ஆணிகளும் அச்சு அசலாக விழுந்திருந்தன. செருப்பு மருதையனுடையதுதான். அதில் சந்தேகமில்லை.

கழக ஆட்சி வந்து இரண்டு வருஷம் ஆகியும் மன்னார்குடிப் பக்கத்தில் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவன்மேல் ஏதாவதொரு வழக்கு இருந்தது. இது நின்றால் மருதையன் ஏழெட்டு வருஷம் உள்ளே கிடக்க வேண்டியதுதான். அவன் மனைவி அம்சம் ஸ்டேஷன் வாசலில் ரெத்தினத்தை மறித்தாள்.

"போரு எரியிறதுக்கு முன்னாடியே செருப்பு காணாமப் போச்சுங்கய்யா. சொன்னா சிரிக்கிறாங்க."

ரெத்தினமும் நம்பவில்லை. பிடிபட்டவர்கள் வீட்டில் எல்லாரும் சொல்கிற கதை. ஆனாலும் மனசு கேட்காமல் போர் எரிந்த களத்துக்குத் திரும்பிப் போனார்.

கரையோடு வந்த செருப்புத் தடம் களத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது. அங்கே இரண்டு செருப்பும் ஜோடியாகக் கழற்றி வைத்த பதிவு. அங்கிருந்து போர்வரை வெறுங்கால். திரும்பி ஓடி வந்ததும் வெறுங்கால். அதே இடத்திலிருந்து மறுபடி செருப்பு.

"நெருப்பு அணைக்க வந்தவங்க காலு சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அணைக்க ஊர் கிழக்காலேருந்து வந்துச்சு. இந்தத் தடம் மேக்கால இருக்கு" என்றார் ரெத்தினம்.

பண்ணையாள் தன் ஆண்டையின் களத்தில் செருப்போடு கால் வைக்கக் கூடாது என்பதை ரெத்தினத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வலங்கைமானில் அவருடைய அப்பா ஆயுசு முழுக்கச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துத்தான் நடந்தார். ஆனால் மருதையன் இதே களத்தில் செருப்போடு நடந்து, கட்டிவைத்து அடிக்கப்பட்டு, மறுநாளும் செருப்போடு நடந்தவன். இன்ஸ்பெக்டரே அதை அவனுடைய திமிருக்கு அத்தாட்சியாகச் சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்டவன் கொளுத்த வருகிற அன்றைக்கா மரியாதையாகக் கழற்றி வைப்பான்?

வெறுங்கால் தடத்தையும் பிளாஸ்டரில் எடுத்தார். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. லாக்கப்பில் மருதையனின் காலைப் பார்த்தார். ஐந்து விரலும் விரிந்து நேராக இருந்தன.

கழற்றிப் பழகிய கால் பண்ணைக்குள்ளேதான் இருக்கும் என்று பண்ணை ஆட்களை வரிசையாகச் சேற்றில் நடக்கச் சொன்னார். பதினோராவதாக நடந்தவர் காத்தான், நாற்பது வருஷமாக அந்தப் பண்ணையில் கிடக்கிற மனுஷர். பதிந்த சுண்டுவிரலைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"செருப்ப ஆண்டே குடுத்தாங்க. இத மாட்டிக்கிட்டுப் போயி நெருப்பு வச்சுட்டு வாடான்னாங்க. மாட்டிக்கிட்டுத்தான் போனேன். களம் வந்ததும் எப்புடிக் கழட்டுனேன்னே தெரியலீங்க."

ஒரு போர் வைக்கோல் போனால் என்ன, சங்கம் ஒழிந்துவிடும் என்று கணக்குப் போட்ட மிராசுதாருக்குத் தன் ஆளின் கால் பழக்கம் மட்டும் தெரியாமல் போயிருந்தது.

"யாரு குடுத்தாங்கன்னு இவர் சொல்றத எழுதுங்க" என்றார் ரெத்தினம் இன்ஸ்பெக்டரிடம்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "அதுக்குத் தடயம் இருக்கா சார்?"

காத்தானே சொன்னார்: "அதெப்புடிங்க இருக்கும்? அவுங்க அந்தப் பக்கம் காலே வைக்கலீங்களே."

மருதையனை மீட்க இந்தக் கால் யாருடையது என்று எழுதியே தீர வேண்டும். ரெத்தினம், காத்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் லாக்கப்பைத் திறந்து மருதையனை வெளியே விட்டார்கள். காத்தான் உள்ளே போகும்வரை ஏட்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.