பத்தில் ஒன்பது

1

காலை ஐந்தரைக்குப் பாலகணேஷ் எழுந்தான். பால் காய்ச்சினான். மகளின் துணிகளை ஊறவைத்தான். பிள்ளையை மாமியார் முருகேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு ஏழே காலுக்குத் துறைமுகத்துக்குக் கிளம்பினான். மனைவி உமாராணி இறந்து நான்கு மாதமாக இதே வரிசை.

(எழுதுகிறவனும் அவனே. 'நான்' என்று தொடங்கினால் மூன்றாம் வரியில் பேனா நின்றுவிடுகிறது.)

கதை பிறந்தது அன்று டீக்கடையில். கூட வேலை செய்யும் பெவின் கேட்டான்.

"மக்கா, இத ஒங்கிட்ட கேக்கக் கூடாது. வீட்ல ஜெப்ஸி மாசமா இருக்கா, எட்டாவது வாரம், ரத்தம் படுது. ஸ்கேன்ல துடிப்பு இருக்குன்னுட்டாங்க. உமா போனதுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சு?"

"எழுதித் தாரேன்."

"ஏலே, ஆமா, இல்லன்னு சொன்னாப் போதும்லா!"

2

முதல் தொடக்கம்: அன்று கடல் சிவந்து...

அடித்தாயிற்று. உமாவுக்கு ரத்தம் பட்ட அன்று அவன் கடலைப் பார்க்கவே இல்லை. குளியலறைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது: உமாவின் அப்பா உடன்குடியில் கருப்பட்டி வியாபாரி. 'கருப்பட்டி சூடு' என்று யாரோ சொல்ல, வீட்டிலிருந்த அத்தனையையும் பாலகணேஷ் பரணில் ஏற்றினான். ஸ்கேன் அறையிலும் அதையே கேட்டான்.

டாக்டர் பிளாரன்ஸ் திரும்பக்கூட இல்லை. "அப்போ உடன்குடியில ஒரு பிள்ளையாவது பிறந்திருக்குமா தம்பி? இங்க பாருங்க, துடிப்பு. இது தெரிஞ்சிட்டா பத்துல ஒம்பது நல்லபடியாப் போயிரும். மிச்சம் ஒண்ணுக்கும் கருப்பட்டி காரணமில்ல."

"கேட்டியளா?" என்றாள் உமா, படுத்தபடியே. "எங்கப்பா யாவாரத்துல மண்ணள்ளிப் போடப் பாத்திய."

3

முடிவு அ: துடிப்பு நின்றது. (எழுதிப் பார்த்தான். அரை வரிக்கு மேல் போகவில்லை.)

முடிவு ஆ: மகள் பிறந்தாள். மூன்று கிலோ, ஊரைக் கூட்டும் குரல். நடந்தது இதுதான்.

பிள்ளைக்குப் பத்து மாதமானபோது உமாவுக்குக் காய்ச்சல். ஐந்தே நாள். அந்த ரத்தத்தையும் இந்தக் காய்ச்சலையும் முடிச்சுப் போட்டால் கதை கச்சிதமாக வரும். அது இன்னொரு கருப்பட்டி. போட மாட்டான்.

4

ஆகவே பெவின், பதில்: இல்லை. அந்த ரத்தம் வேறு, உமாவைக் கொண்டுபோன காய்ச்சல் வேறு. ஜெப்ஸி ஒன்பதிலா, ஒன்றிலா என்று யாருக்கும் தெரியாது. அந்த முடிவை இந்தக் கதை எழுதாது.

உமா கடைசியாக ஏதோ பெரிதாகச் சொல்லியிருப்பாள் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். அப்படி இரண்டு வசனம் எழுதியும் பார்த்தான். அழகாகத்தான் இருந்தன. அவள் உண்மையில் சொன்னது:

"பிள்ளைக்கு நகம் வளந்துட்டு. தூங்கும்போது வெட்டிவிடுங்க. முழிச்சிருந்தா ஒங்களுக்கு அடங்க மாட்டா."